எட்டாம் நாள் அழகு

1959 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரத்தில், மாத்தளை கொங்காவலையில் ஹுசைன் முதலாளியின் வீட்டோடு சேர்ந்த கொக்கோ ஸ்டோர் மேல்மாடியில் சாத்தி வைத்திருந்த ஓர் எண்ணெய்ச் சாயப் படத்தில், தாடைக்குக் கீழே வரையப்பட்டிருந்த கண் மேலே ஏறி மூக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்த வாரம் மிளகு விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. சுதுகங்கையில் தண்ணீர் வற்றி, துணி துவைக்கிறவர்கள் கல்லைத் தேடி நடு ஆற்றுக்கு இறங்கியிருந்தார்கள். படத்தை வரைந்தவர் முதலாளியின் மருமகன், சித்திர ஆசிரியர் பதுர்தீன். தொழுகை முடிந்து வந்து படத்தைப் பார்த்தபோது அவருக்கு வந்தது ஆச்சரியம் அல்ல, கோபம். அந்தக் கண்ணைத் தாடைக்குக் கீழே கொண்டுபோய் வைக்க அவர் மூன்று மாதம் யோசித்திருந்தார்.

முதலில் மனைவி றாபியாவைத்தான் சந்தேகித்தார். அவள் அடுப்படியில் மாசிக் கருவாடு இடித்துக்கொண்டிருந்தாள். மேலே வந்து படத்தைத் தொட்டாயா என்று கேட்டதும் உலக்கையை நிறுத்தாமலே சொன்னாள்: “எனக்கு வேற வேல இல்லியா? ஒங்கட படத்துல கண்ணைத் தூக்கி வெக்கிறதுக்கா என்னைய நிக்காஹ் முடிச்ச?” அவர் மேலே போய்க் கத்தியால் கண்ணைச் சுரண்டி எடுத்து மறுபடியும் தாடைக்குக் கீழே வரைந்தார். எட்டாம் நாள் அது மறுபடி ஏறியது. இந்த முறை போகிற போக்கில் மூக்கையும் நேராக்கிவிட்டுப் போனது.

இதில் பதுர்தீனுக்கு இருந்த ஆபத்து என்ன என்று தெரிய, ஆறு வருடம் பின்னால் போக வேண்டும். கொழும்பில் இரண்டு வருடம் ஓவியம் படித்துவிட்டு வந்த அவருக்கு 1953இல் ஹுசைன் முதலாளி தன் ஒரே மகளைக் கொடுக்கச் சம்மதித்தபோது ஒரு நிபந்தனை வைத்தார். முதலாளி கொக்கோ, மிளகு, ஏலக்காய் வாங்கி விற்கிறவர், தொழுகை தவறாதவர், உயிருள்ளவற்றின் உருவம் இருக்கிற வீட்டுக்குள் வானத்து மலக்குகள் வரமாட்டார்கள் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மாப்பிள்ளை வீட்டோடுதான் இருக்கப் போகிறார், சாயமும் தூரிகையும் அவரோடு வரும். ஆகவே நிக்காஹ் மஜ்லிஸில், பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் மக்கீன் லெப்பையின் முன்னிலையில், பதுர்தீன் வாக்குக் கொடுத்தார்: இன்னது என்று யாரும் அடையாளம் சொல்லக்கூடிய படத்தை இந்த வீட்டில் வரையமாட்டேன். யாராவது அடையாளம் சொல்லிவிட்டால் அன்றோடு தூரிகையைக் கீழே வைத்துவிடுவேன். மக்கீன் லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு, எதைப் போலவும் இல்லாதது உருவம் ஆகாது, துணியில் சிந்தின குழம்பு உருவமா என்று கேட்டு, அதை அனுமதித்தார். பதுர்தீனுக்கு இந்தப் பேச்சு மிகவும் பிடித்திருந்தது. நவீன ஓவியத்தைப் பற்றிக் கொழும்பில் கேட்ட எல்லாப் பிரசங்கத்தையும்விட இது சுருக்கமாக இருந்தது.

பரிசோதனை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நடந்தது. முதலாளி மேல்மாடிக்கு ஏறி வந்து, புதிய படம் இருந்தால் அதை நிமிர்த்தி ஒருமுறை, கவிழ்த்து ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை பார்ப்பார். பிறகு ஸ்டோரில் மூட்டை தூக்கும் நாகமுத்துவைக் கூப்பிடுவார். நாகமுத்து றத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, டவுனுக்கு இறங்கி வந்தவன். படம் பார்த்துப் பழக்கம் இல்லாதவன் என்பதால் அவன் கண்ணில் கள்ளம் இராது என்பது முதலாளியின் கணக்கு.

“டேய் நாகமுத்து, இது என்ன?”

“தெரியலைங்க மொதலாளி.”

“நல்லாப் பாரு.”

“ஒடஞ்ச கதவு மாதிரி இருக்குங்க. இல்லாட்டி மழ.”

“காணும், போ.”

1955இல் ஒரு படம் தோற்றது. நாகமுத்து பார்த்த உடனே மாடு என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “திமிலு இருக்குங்களே” என்றான். அன்று பதுர்தீன் மாமனாரின் காலைப் பிடிக்காத குறையாக ஒரு வாரத் தவணை வாங்கி, திமிலை எடுத்து வயிற்றுக்குக் கீழே வைத்தார், கொம்புகளை வாலோடு சேர்த்தார். மறு வெள்ளி நாகமுத்து அதைத் தையல் மெஷின் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் படத்தைத்தான் பிறகு கொழும்பில் ஒரு விமர்சகர், உருவத்தைச் சிதைக்கும் துணிவில் இந்த இளைஞருக்கு ஈடு இல்லை என்று எழுதினார். அந்தத் துணிவில் பாதி நாகமுத்துவுக்குச் சேர வேண்டியது என்பது விமர்சகருக்குத் தெரியாது.

கண் ஏறிய படத்தில் இருந்தவள் வேலம்மா. நாகமுத்துவுக்குத் தூரத்து உறவு. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். ஏலக்காய் ஏற்ற லொறி அந்தப் பக்கம் போனபோது பதுர்தீனும் கூடப் போயிருந்தார். மூடுபனிக்குள் இருந்து ஒரு பெண், இடுப்பில் கட்டிய சாக்கு நனைந்து தொங்க, கூடையின் கயிறு நெற்றியை அழுத்த, சரிவில் இறங்கி வந்தாள். கால் கட்டைவிரலுக்கு இடையில் அட்டை தொங்கியதை அவள் பார்க்கவில்லை. அவள் கண் அடுத்த அடி எங்கே வைப்பது என்பதிலேயே இருந்தது. பதுர்தீன் ஊருக்கு வந்து அதை வரைந்தார். அவளுடைய கண் எப்போதும் கீழேயே இருந்ததால் அதைத் தாடைக்குக் கீழே வைத்தார். இரண்டு கை செய்கிற வேலையாக அது தெரியாததால் மூன்றாவது கை ஒன்று வரைந்தார். கயிறு அழுத்திய நெற்றியை இரண்டாகப் பிளந்தார். மலையை அவள் முதுகின் மேல் ஏற்றினார். பச்சைக்குப் பக்கத்தில், பார்த்தால் பல் கூசுகிற ஒரு ஊதாவைப் போட்டார். கோணல்மாணல்தான், ஆனால் அந்தப் படத்துக்குள் ஒவ்வொன்றும் மற்றொன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றது. எதை நகர்த்தினாலும் எல்லாம் சரிந்துவிடும். இணக்கம் என்பது இதுதான், பிஸ்கட் டின் மூடியில் இருப்பது இணக்கம் அல்ல என்று அவர் றாபியாவிடம் சொன்னார். றாபியா, பிஸ்கட் டின் மூடி பார்க்கவாவது நல்லாயிருக்கும் என்றாள்.

அந்த மூடியைப் போலத்தான் அவருடைய படங்கள் ஒவ்வொன்றாக ஆகத் தொடங்கின. முடித்த நாளிலிருந்து ஏழு நாள் அவர் வைத்தது வைத்தபடி இருக்கும். எட்டாம் நாள் உச்சிப் பொழுதில் சரியாகிவிடும். ஊதா மெல்ல ரோஜா நிறத்துக்குப் போகும். மலை முதுகிலிருந்து இறங்கித் தூரத்தில் போய், மூடுபனியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும். பிளந்த நெற்றி கூடும். அட்டைகள் சிவப்புப் பூக்களாகும். ஒரு படத்தில் மிஞ்சிய மூன்றாவது கை, பக்கத்துப் படத்தில் ஒற்றைக் கையோடு இருந்த கிழவனிடம் போய்ச் சேர்ந்துகொண்டது. கிழவனுக்கு வலது பக்கம் வளையல் போட்ட கை இருந்ததை அந்தப் படம் அடுத்த வாரம் வளையலைக் கழற்றிச் சரிசெய்துகொண்டது. பதுர்தீன் சாயத்தில் மணல் கலந்து பார்த்தார். படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பெட்டியில் பூட்டி, திறப்பைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். ஒரு தடவை எட்டாம் நாள் முழுவதும் கண் இமைக்காமல் முன்னால் உட்கார்ந்திருந்தார். நுளம்பு ஒன்று காதுக்குள் போனபோது தலையை உதறித் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. படத்தில் இருந்த பெண் அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள். அவர் அவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை எழுத முடியாது.

1961இல் கொழும்பில் கண்காட்சி வைக்க ஒரு சங்கம் அழைத்தது. பதினாலு படங்களை, ஒரே இரவும் பகலுமாக முடித்து, சாயம் காயாமலே ரயிலில் ஏற்றினார். கண்காட்சி ஒரு வாரத்துக்கு மேல் நடந்தது. முதல் நாள் வந்த விமர்சகர், அழகையும் இணக்கத்தையும் நவீன ஓவியம் கைவிட்டுவிட்டது என்பதற்கு மாத்தளைக்காரரின் இந்த அலங்கோலங்களே சாட்சி, இவற்றைப் பார்த்துவிட்டுச் சாப்பிட முடியவில்லை என்று எழுதினார். எட்டாம் நாள் வந்த இன்னொருவர், உலகம் இவ்வளவு தூரம் போன பிறகும் ஒரு ஓவியர் மலையையும் பூவையும் மங்கையையும் வரைந்துகொண்டு சீனிப்பாகு காய்ச்சுவது கவலைக்குரியது என்று எழுதினார். இரண்டும் ஒரே வாரத்தில் வெளிவந்தன. பதுர்தீன் இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் உள்ளதைத்தான் எழுதியிருந்தார்கள். பதில் எழுத இடம் இல்லை. படங்கள் எல்லாம் அந்த எட்டாம் நாளே விலைபோயின. வாங்கிய ஒரு டாக்டரின் மனைவி, சாப்பாட்டறைத் திரைக்கு அந்த ரோஜா நிறம் அப்படியே பொருந்தும் என்று அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினாள். ரயிலில் திரும்பி வரும்போது பொல்காவலையில் வாங்கிய தேநீரை ஜன்னலுக்கு வெளியே ஊற்றினார். அதில் சீனி கூடிப்போயிருந்தது.

வீட்டில் அவர் நாலு வருடம் எப்படியோ சமாளித்தார். வெள்ளிக்கிழமைப் பரிசோதனைக்கு ஏழு நாள் ஆகாத படத்தை மட்டும் காட்டினார். அழகாகிப்போனவற்றைப் பழைய சாக்குகளுக்குப் பின்னால் அடுக்கினார். 1963இல் நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம் கழித்து, மழை வரும்போல இருந்ததால், கொக்கோவை மூடத் தார்ப்பாய் தேடி முதலாளி தானே மேல்மாடிக்குப் போனார். சாக்கை இழுத்ததும் பதினொரு பெண்கள் வரிசையாக நின்று அவரைப் பார்த்தார்கள். அவர் கீழே இறங்கி வந்து மிளகு மூட்டையின் மேல் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டுக் குடித்து, நாகமுத்துவை மேலே அனுப்பினார். நாகமுத்து திரும்பி வந்து, “பொம்பளைங்க மொதலாளி” என்றான். கொஞ்சம் யோசித்து, “நல்லா இருக்காங்க” என்றும் சேர்த்துக்கொண்டான்.

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமனாரும் மருமகனும் பேசினார்கள்.

“நிக்காஹ் மஜ்லிஸ்ல தந்த வாக்கு ஞாபகம் ஈக்கா மருமகன்?”

“ஈக்கி மாமா. நான் வரைஞ்சது இது இல்ல.”

“அப்ப யாரு வரைஞ்ச?”

“தானா வந்திச்சு.”

“தானா வாறது தடிமனும் தும்மலும். படம் வருமா?”

பதுர்தீன் விளக்கினார். கண் ஏறியதையும் கை மாறியதையும் சொன்னார். முதலாளி முழுவதையும் கேட்டார். அவர் வியாபாரி, பூச்சி தானாக வருவதையும் பூஞ்சணம் தானாக வருவதையும் பார்த்தவர், ஆகவே அதில் பெரிதாக மறுக்கவும் இல்லை. ஆனால் யார் வரைந்தாலும் உருவம் உருவம்தான், அது இருப்பது தன் வீட்டில்தான் என்றார். திங்கட்கிழமை காலையில் தூரிகை, சாயம், துணி எல்லாம் சுதுகங்கைக்குப் போக வேண்டும். பதுர்தீனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. வீட்டை விட்டுப் போகலாம் என்றால் றாபியாவும் இரண்டு பிள்ளைகளும் இந்த வீட்டில்தான்; வரையாமல் இருக்கலாம் என்றால், அதை நினைத்ததும் அவருடைய வலது கை மரத்துப்போனது. அன்று இரவுச் சோற்றை இடது கையால் பிசையப் போய், பிள்ளைகளுக்கு முன்னால் றாபியாவிடம் ஏச்சு வாங்கினார்.

சனிக்கிழமை காலை றாபியாதான் மக்கீன் லெப்பைக்கு ஆள் அனுப்பினாள். லெப்பைக்கு வயது போய்விட்டிருந்தது. பள்ளிவாசலுக்கு ஒலிபெருக்கி வைக்கலாமா கூடாதா என்று அந்த வாரம் முழுவதும் அவரை இரண்டு கட்சி பிடித்து இழுத்திருந்தது, இப்போது இது. அவர் மூச்சு வாங்க மேல்மாடி ஏறி, பதினொரு பெண்களையும் பார்த்து, தலையைக் குனிந்து, “இது யார்ட உருவம்?” என்று கேட்டார். றத்தோட்டைப் பக்கத்து வேலம்மா என்றார் பதுர்தீன். “அவ சொல்லட்டும்” என்றார் லெப்பை. “உருவமெண்டா ஒருத்தர்ட உருவமா ஈக்கோணும். நாகமுத்து பொம்பளையெண்டு சென்னது காணாது. எந்தப் பொம்பளையெண்டு சொல்லோணும். அவளே வந்து நாந்தானெண்டு சென்னா, ஆத்துல போட்டுடுங்க. இல்லையெண்டா எனக்குப் பேசாமப் போய்ப் படுக்கேலும்.”

மறுநாள் முத்துமாரியம்மன் கோயில் தேர். தோட்டங்களிலிருந்து ஆட்கள் விடியற்காலையிலேயே டவுனுக்கு இறங்கியிருந்தார்கள். நாகமுத்து தேர்க்கூட்டத்துக்குள் புகுந்து வேலம்மாவையும் அவள் புருசன் இருளாண்டியையும் கண்டுபிடித்துக் கூட்டி வந்தான். வேலம்மா மஞ்சள் சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தாள். ஸ்டோரின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என்ன குற்றத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாத முகத்தோடு மேலே வந்தாள். அங்கே முதலாளி, லெப்பை, பதுர்தீன் மாஸ்டர், முக்காட்டை இழுத்துவிட்டபடி கதவோரம் றாபியா. வெளியே தேரின் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது.

பயப்பட ஒன்றும் இல்லை, இதைப் பார்த்து யார் என்று சொல்லு என்றார் லெப்பை. வேலம்மா ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்றாள். பதினொன்றையும் பார்த்து முடிக்க நேரம் எடுத்தது.

“பெரிய எடத்து அம்மாவுங்க போல இருக்குங்க” என்றாள். “யாருன்னு தெரியலைங்க சாமி. தொரை பங்களாவுல கூட இந்த மாதிரி நான் பாத்ததில்ல.”

“ஒன்னைப் போல இல்லியா?”

வேலம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “என்னையங்களா? இந்தக் கால பாருங்க சாமி, சேறே மிதிக்காத காலு. கூடைக்குள்ள பூ இருக்கு. பூவ எடுத்துட்டுப் போனா அன்னிக்குக் கூலிக்குக் கணக்கப்புள்ள பேர் போடுவாரா?”

முதலாளி ஒரு பெருமூச்சு விட்டார். லெப்பை எழுந்து செருப்பைத் தேடினார். பதினொரு படமும் எவருடைய உருவமும் இல்லை. மாத்தளை மாவட்டத்தில் இப்படி ஒருவரும் இல்லை. ஆகவே குற்றம் இல்லை. இதற்குள் பதுர்தீனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். மாறாக, தன் வாழ்க்கையில் வெளிவந்த மிக மோசமான பதினொரு பொய்கள் பொய் என்பதாலேயே அனுமதிக்கப்பட்டதைக் கேட்டு அவருக்குக் காது சுட்டது. விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் திரும்பிப் படிக்கட்டுக்குப் போன வேலம்மா, ஜன்னலோரம் முக்காலியில் இருந்த, மூன்றே நாள் ஆன, நாகமுத்து உடைந்த கூடாரம் என்று சொல்லியிருந்த படத்தைக் கண்டு நின்றாள்.

அவள் படத்துக்குக் கிட்டப் போனாள். பிறகு தன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். படத்தில் இடுப்பு இருந்த இடத்தில் துருப்பிடித்த ஒரு கீல் மாதிரி ஏதோ இருந்தது.

“இது நாந்தானுங்க” என்றாள்.

லெப்பை செருப்பை விட்டுவிட்டுத் திரும்பினார்.

“மத்தியானக் கொழுந்து நிறுக்கப் போறப்போ இப்பிடித்தான் இருக்கும். தல ஒரு பக்கம் போயிரும், இடுப்பு ஒரு பக்கம் போயிரும். ஏங்க, இங்க பாருங்களேன்.” இருளாண்டி எட்டிப் பார்த்தான். “ஆமா, நீதான்” என்றான். “அந்த மூணாவது கை?” என்று நாகமுத்து கேட்டான். “புள்ளையத் தூக்க” என்றாள் வேலம்மா, அவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற சலிப்போடு.

பதுர்தீன் சுவரில் சாய்ந்துகொண்டார். பத்து வருடமாகக் கேட்கக் காத்திருந்த சொல்லை ஒரு ஆள் சொல்லிவிட்டாள். அந்தச் சொல்தான் தூரிகையை ஆற்றில் போடச் சொல்கிறது. முதலாளி மெதுவாக, “வாக்கு வாக்குதான் மருமகன்” என்றார். அவர் குரலிலும் மகிழ்ச்சி இல்லை. லெப்பை மறுபடி உட்கார்ந்து, எல்லாம் தெரிந்த ஒருவனிடம் முறையிடுகிற பாவனையில் கூரையைப் பார்த்தார். “அழகா ஈக்கிறது உருவமில்ல, அலங்கோலமா ஈக்கிறது உருவம்” என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். “மார்க்கக் கிதாபுல இத எங்க போய்த் தேடுற?”

அப்போதுதான் கதவோரம் நின்ற றாபியாவுக்குப் பொறுமை போனது. அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்திருந்தாள்.

“வாப்பா, கொக்கோவ வெட்டின உடனே ஊட்டுக்குள்ள எடுக்கிறீங்களா?”

“அது எப்புடி? புளிக்க வெக்கோணுமே.”

“எத்தின நாள்?”

“ஆறு, ஏழு.”

“அது மட்டும் எங்க வெக்கிற?”

“வெளியில. நாத்தம் புடிச்சது.”

“அப்ப இதையும் வெளியில வெச்சு, புளிச்சு அடங்கினப் பொறகு ஊட்டுக்கு எடுங்களன். ஏழு நாளைக்கு அது வேலம்மா. அதுக்குப் பொறகு அது ஒருத்தருமில்ல. லெப்பையே சென்னாரு. இதுக்கு ஆறு பேர் நிண்டு முழிக்கிற.”

முதலாளி நாற்பது வருடம் கொக்கோ புளிக்க வைத்தவர். அவருக்கு இது உடனே விளங்கியது. லெப்பைக்கு விளங்கியதோ இல்லையோ, ஆமா ஆமா என்று எழுந்துவிட்டார். வெளியில் என்றால் எங்கே என்று கேள்வி வந்தபோது வேலம்மா, எங்க லயத்துக் காம்பராவுல வைங்க, ஒரு சுவத்துல ஒண்ணும் இல்ல, ஒழுகாத சுவரு என்றாள். வேலம்மாவைத் தவிர அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் எதிலாவது எரிச்சலோடு இருந்தார்கள். அந்த எரிச்சலில் தீர்ப்பு நிலைத்தது.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் பதுர்தீன் சனிக்கிழமைதோறும் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு றத்தோட்டை பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து லொறியிலோ நடந்தோ, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனார். வேலம்மாவின் காம்பராவில் வைத்தே வரைந்தார். முதல் மாதம் அவளை, பிறகு இருளாண்டியை, பிறகு வரிசை வைத்து லயத்தில் கேட்டவர்களை எல்லாம். ஏழு நாள் சனம் வந்து தங்களைப் பார்த்துவிட்டுப் போகும். சிரிக்கும். சிலர் அழவும் செய்தார்கள். கங்காணி ஒருவர் தன்னைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் ஒருவரையும் ஏசவில்லை, மூன்றாம் நாள் சேர்த்து ஏசினார். எட்டாம் நாள் வந்தால் முறைப்பாடு தொடங்கும். “மாஸ்டர், படம் கெட்டுப்போச்சுங்க” என்பார்கள், பால் திரிந்துபோனதைச் சொல்கிற குரலில். கெட்டுப்போன படங்களைச் சுருட்டிக் கீழே கொண்டுபோவார். அவை மாத்தளையிலும் கண்டியிலும் வரவேற்பறைகளில் தொங்கின. கல்யாணப் பரிசாகப் போயின. பல்லேகமையில் ஒரு நெல் வியாபாரி, மலையும் மூடுபனியும் உள்ளது மட்டும் வேண்டும் என்று ஆறு எடுத்துப் போனார். கொழும்பு விமர்சகர்கள் அவரை மறந்தார்கள், அல்லது சீனிப்பாகு என்ற சொல்லுக்கு உதாரணம் தேவைப்பட்டபோது மட்டும் நினைத்தார்கள். விளக்கம் எழுத அவர் மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவையும் தாளைக் கிழித்தார். பார்க்க வேண்டுமானால் சனிக்கும் வெள்ளிக்கும் இடையில் ரிவர்ஸ்டன் பக்கம் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு வரட்டும் என்றார். ஒருவரும் வரவில்லை.

பிறகு இரண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் செய்து, தோட்டத்துச் சனத்தில் பாதி இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று ஆனது. போகக் கேட்டுக் கடுதாசி போட்டவர்களும் போடாதவர்களும் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அறுபத்தெட்டிலிருந்து ஒவ்வொரு குடும்பமாகப் பாஸ்போர்ட் வரத் தொடங்கியது. போகிறவர்கள் பாத்திரம் கட்டும் நாளில் பதுர்தீனை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். புறப்படுகிற அன்று காலையில் படம் முடிய வேண்டும். முதல் நாளே முடித்தால் ஒரு நாள் வீண். மாத்தளையிலிருந்து கண்டி, பொல்காவலை, தலைமன்னார், கப்பல், அக்கரை, அங்கிருந்து ஊர். எல்லாம் சரியாக நடந்தால் ஐந்து நாள். இரண்டு நாள் கையில் நிற்கும்.

வேலம்மாவுக்கு 1972 ஆம் ஆண்டு ஆவணியில் பாஸ்போர்ட் வந்தது. துறையூர்ப் பக்கம் அவளுடைய அப்பாவின் ஊர், அவள் பார்த்ததில்லை, அங்கே அவளைப் பார்த்தவர்களும் இல்லை. விடியற்காலை காம்பராவில், கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவில் அவளை நிற்க வைத்து அவர் வரைந்தார். இந்தத் தடவை அவளுக்கு அறுபது வயதுக்காரியின் முதுகு இருந்தது, வயது அவ்வளவு இல்லை. பதுர்தீன் ஒரு கோட்டைப் போட்டு அழித்து, போட்டு அழித்து, தனக்குள் ஏசிக்கொண்டு, பதினொரு மணிக்கு முடித்தார். அவள் வந்து பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

“அங்க எப்பிடி இருந்தேன்னு கேட்டா, வாயால சொல்ல வராதுங்க மாஸ்டர். இதக் காட்டிருவேன்.”

“எட்டாம் நாள் அது போயிடும் வேலம்மா.”

“ஏழு நாள் போதுங்க. ஒரு தடவ பாத்துட்டாங்கன்னா போதும். அப்புறம் அது அழகாப் போனா போவட்டும், மாட்டி வச்சுக்குவாங்க.”

படத்தை ஈரமாகவே இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கட்டி, இருளாண்டி தலையில் வைத்துக்கொண்டான். மாத்தளை ஸ்டேஷனுக்கு நாகமுத்து வந்திருந்தான். றாபியா அனுப்பிய சோற்றுப் பொதிகளைக் கொடுத்தான். முதலாளி மௌத்தாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. இருந்திருந்தால் அவரும் வந்திருப்பார். வண்டி நேரத்துக்கு வரவில்லை. உக்குவளைக்குப் பக்கத்தில் பலாமரம் ஒன்று தண்டவாளத்தில் விழுந்திருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், நாற்பது நிமிடம் ஆனது. பிளாட்பாரத்தில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த சனம் பேசிக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தது. பதுர்தீன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, முன்னும் பின்னும் நடந்து, கடைசியில் பொறுக்க முடியாமல் ஸ்டேஷன் மாஸ்டரின் அறைக்குள் போனார். கண்டியில் அடுத்த வண்டி தவறினால் தலைமன்னார் வண்டி தவறும், அது தவறினால் கப்பல், எல்லாம் சேர்ந்து இரண்டு நாள் போய்விடும், வேலம்மாவின் படத்துக்கு இருப்பதே ஏழு நாள்தான் என்று சிங்களத்தில் கத்தினார்.

ஸ்டேஷன் மாஸ்டர் மாத்தளைக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கி, படம் எத்தனை மணிக்கு முடிந்தது என்று கேட்டார். பதினொன்று என்றார் பதுர்தீன். ஸ்டேஷன் மாஸ்டர் அதை ஒரு துண்டில் குறித்துக்கொண்டு, டெலிபோனைச் சுழற்றி, வேலம்மாவின் படம் வருகிறது, அது ஏறும்வரை வண்டியைப் பிடித்து வைக்கும்படி கண்டிக்குச் சொன்னார்.